சிவகாசியில் வெயில் பத்தாத பூ

நான் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் முப்பது வருஷமாகக் கலர் பார்க்கிற வேலை எனக்கு. மெஷினிலிருந்து வரும் முதல் ஷீட்டை மேஜையில் விரித்து, மேலே வெள்ளை விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பேன். சிவப்பு குறைந்திருந்தால் ஏற்றச் சொல்வேன். நீலம் தூக்கலாக இருந்தால் அடக்கச் சொல்வேன். திருப்தியானதும் ஓரத்தில் தேதி போட்டுக் கையெழுத்திடுவேன். அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் ஓடினாலும் அந்த ஷீட்டைப் போலத்தான் ஓட வேண்டும். ஆபரேட்டர் மாற்ற முடியாது, ஆர்டர் கொடுத்தவர் மாற்ற முடியாது, முதலாளியே வந்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார்.

எங்கள் ஊர்க் கலருக்கு ஒரு நியாயம் உண்டு. பட்டாசுப் பெட்டியின் லேபிள், கடையில் நூறு பெட்டிக்கு நடுவே நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். அதில் ஒரு குழந்தை மத்தாப்பைப் பிடித்துச் சிரித்தால் கன்னம் இரண்டும் ஜுரம் வந்த மாதிரி சிவந்திருக்க வேண்டும். தினசரி காலண்டரில் சாமியின் உதடு கொஞ்சம் வெளுத்துவிட்டால், சாமிக்கு உடம்பு சரியில்லையா என்று மளிகைக் கடைக்காரர் போன் போட்டுக் கேட்பார். மிளகாய்த்தூள் பாக்கெட்டில் மிளகாய் எரிய வேண்டும். "கலரைத் தூக்கு" என்பது எங்கள் அச்சகத்தில் வணக்கம் சொல்வதைவிட அதிகமாகக் கேட்கும் வார்த்தை. உலகத்தில் இருப்பதைவிட ஒரு பிடி கூடுதலாகச் சிவக்க வைப்பதுதான் தொழில் என்று நானும் நம்பினேன். அதை நம்பித்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், பொங்கல் கழிந்து வேலை மந்தமாக இருந்த சமயத்தில், வெளியூர் விதைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. பூச்செடி விதைக்கு பாக்கெட் உறை அச்சடிக்க வேண்டும். பூவின் பெயர் எக்கினேசியா. பெயரைக் கேட்டதும் மாத்திரை என்று நினைத்தேன். அவர்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட வேண்டியது அந்தப் பூதான் என்று தோன்றியது. நடுவில் முள்ளுமுள்ளாக ஒரு செம்பட்டைக் கூம்பு. அதைச் சுற்றி இதழ்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. நிறம், ராணி கலர் சேலையை நாலு வருஷம் துவைத்து வெயிலில் போட்டால் கடைசியில் மிஞ்சுமே, அந்த நிறம்.

போட்டோ எடுத்தவன் வாடின பூவை எடுத்துவிட்டான் என்று நான் முடிவு கட்டினேன். கம்ப்யூட்டர் அறையில் டிசைன் பார்க்கும் பெண்ணிடம், இதழை எல்லாம் நிமிர்த்தும்மா என்றேன். முப்பது வயதுப் பெண், அதிகம் பேசமாட்டாள். பூவே இப்படித்தான் இருக்கும் போல அண்ணே என்று ஒரு தடவை சொன்னாள். பூ எங்கேயாவது தொங்குமா என்று நான் ஒரே போடாகப் போட்டேன். அவள் நிமிர்த்திவிட்டாள். நிறத்தை நான் தூக்கினேன். கூம்புக்குக் கொஞ்சம் தங்கம் சேர்த்தேன். முடிந்தபோது அந்தப் பூ, புஸ்வாணம் பெட்டியின் மேல் அச்சிடலாம் என்கிற அளவுக்கு ஜொலித்தது. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.

மொத்த லோடும் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். இப்படி ஒரு பூ எங்கள் விதையிலும் இல்லை, உலகத்தில் எந்தத் தோட்டத்திலும் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளிக்கு என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர் பள்ளிக்கூடச் சீருடையில் அப்பாவுடன் வந்து காகிதக் கட்டின் மேல் தூங்கிய நாளிலிருந்து எனக்குத் தெரியும். அதனாலேயே அவர் என்னைத் திட்டமாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, சாந்தமாக, "இனிமே ரெண்டு கையெழுத்து. அண்ணன் ஒண்ணு போடட்டும், டிசைன்ல இருக்கிற பிள்ளை ஒண்ணு போடட்டும்" என்றார். என்னிடம் திரும்பி, நீங்க அந்தப் பூவைப் பாத்ததே இல்லேல்ல அண்ணே, அதான் தப்பாயிருச்சு, என்று ஆறுதல் வேறு சொன்னார்.

அன்றைக்கு நான் சாப்பாட்டைத் தொடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இரண்டு தட்டு சாப்பிட்டேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். ஆனால் மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஷீட்டிலும் என் கையெழுத்துக்குக் கீழே சின்னதாக, அழகாக, இன்னொரு கையெழுத்து விழத் தொடங்கியது. முப்பது வருஷம் ஒரே ஆளாக நின்ற இடத்தில் துணைக்கு ஆள் போட்டுவிட்டார்கள். அவமானம் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான விஷயம் என் வாழ்க்கையில் நடக்கவில்லை.

பாக்கெட்டை ஒட்டிப் பார்ப்பதற்காக அந்தக் கம்பெனி கொஞ்சம் விதை அனுப்பியிருந்தது. அது யாரும் சீண்டாமல் அச்சகத்தில் கிடந்தது. முதலாளியிடம் கேட்டே எடுத்துக்கொண்டேன். பூவைப் பார்த்ததில்லை என்றுதானே சொன்னீர்கள், வளர்த்துக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் என் ஷீட்டுக்குப் பக்கத்தில் வைக்கிறேன், அப்புறம் சொல்லுங்கள் யார் கலர் சரியென்று, என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, வச்சிட்டீகன்னா அன்னைக்கே பழையபடி ஒரு கையெழுத்து என்றார். டிசைன் பெண்ணும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியாகத்தான், ஒரு ரோஜாத் தொட்டிகூட வைத்திராத நான் தோட்டக்காரன் ஆனேன்.

பாக்கெட்டின் பின்பக்கத்தில் வளர்ப்பு முறை அச்சாகியிருந்தது, அதுவும் என் கையெழுத்தில் ஓடியதுதான். குட்டை ரகம், முழங்கால் உயரம். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும். முழு வெயில் தேவை. கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது. எங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அதுதான். மழை இல்லை என்பதால்தான் இங்கே விவசாயம் போய்த் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. மருந்து காய வேண்டும், திரி காய வேண்டும், அச்சடித்த தாள் காய வேண்டும். வருஷத்தில் முந்நூறு நாள் எங்கள் தலைமேல் ஒருவன் அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

வீடு ஊருக்கு வெளியே, புதிதாக மனை போட்ட இடத்தில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே தெற்குப் பக்கம் நாலு அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அது என் மனைவியின் ராஜ்ஜியம். வத்தல், வடகம், மல்லி, மிளகாய் எல்லாம் அங்கேதான் காயும். பாதி நிலத்தை விட்டுக்கொடுக்க வைக்க நான் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் எல்லைத் தகராறில் இருக்கும் நாடுகள் ஆறுதல் அடைந்திருக்கும். அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். காலையில் எழுந்ததும் வாசலைப் பெருக்குவது எல்லா வீட்டிலும் உண்டு. இவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, சுவரோரம் முளைத்த புல், உதிர்ந்த சருகு, காய்ந்த குச்சி எல்லாவற்றையும் பிடுங்கிப் பொறுக்கிவிட்டுத்தான் பல்லே விளக்குவாள்.

கரிசலைக் கொத்தி, மணலும் எருவும் கலந்து, மாசி மாதம் விதையை நேராகப் போட்டேன். எறும்புகள் வரிசையாக வந்து பாதியைக் கொண்டுபோயின. மீதி மண்ணுக்குள் வறுபட்டிருக்கும். ஒரு மாதம் காலையும் மாலையும் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், காம்பவுண்டுக்கு மேல் தலையை வைத்துக்கொண்டு தினமும் விசாரணை நடத்தினார். இந்தப் பூ வாசம் அடிக்குமா? அடிக்காது. தலையில் வைக்கலாமா? காம்பு மரக்குச்சி மாதிரி இருக்கும். சாமிக்கு ஆகுமா? தெரியாது. காய் கீய் காய்க்குமா? காய்க்காது. பிறகு எதுக்கு என்று கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். என் கையெழுத்துக்காக என்று சொல்ல முடியுமா? அழகுக்கு என்றேன். உடம்பு எப்படி இருக்கு, பிரஷர் பாத்தீகளா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

செல்போனில் வீடியோக்களைப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இது பனி பெய்கிற ஊரின் செடி. விதை ஒரு குளிர்காலத்தைப் பார்த்தால்தான் கண்ணைத் திறக்குமாம். அதனால் ஈரத்துணியில் சுற்றி ஒரு மாதம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். டப்பாவில் போட்டு மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டேன். விதைக்குக் குளிர் காட்டவேண்டியிருக்கிறது என்று விளக்கினேன்.

"பிள்ளைகளுக்கே ஒரு ஊட்டியக் காட்டல, விதைக்குக் காட்டுறீகளோ?" என்று அவள் கேட்டாள். ஆனால் டப்பாவைத் தூக்கி எறியவில்லை. இட்லி மாவு பொங்கி அதன்மேல் வழியாமல் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்திருந்தாள்.

ஆடி முடிந்து எடுத்து விதைத்தேன். பதினாறு முளைத்தன. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும் நான் அச்சகத்தில்தான் இருந்தேன், சீசன் நேரம். இந்தப் பதினாறை மட்டும் கூடவே இருந்து பார்த்தேன். அடுத்த பத்து நாளில் முழு வெயில் கேட்ட செடிகள் எங்கள் முழு வெயிலைப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகப் படுத்தன. அவர்கள் ஊரில் முழு வெயில் என்றால் ஸ்வெட்டரைக் கழற்றலாம் என்று அர்த்தம் போல. மீதி எட்டையும் காப்பாற்ற நர்சரியில் பச்சை வலை வாங்கி நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டேன். வெயில்காலச் செடிக்குக் குடை பிடித்த முதல் ஆள் நான்தானே என்று காம்பவுண்டுத் தலை கேட்டது.

ஐப்பசி மழைக்கு எட்டும் நன்றாகத் தழைத்தன. இலை நீட்டு நீட்டாக, சொரசொரப்பாக, பூனை நாக்கு மாதிரி இருந்தது. தை பிறந்தது, இலைதான். மாசி பிறந்தது, இலைதான். முதலாளி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சம்பளக் கவரோடு, "பூ என்ன சொல்லுது?" என்று கேட்பார். ஒவ்வொரு ஷீட்டிலும் இரண்டு கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு செடியைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு விருதுநகர் போய், பெரிய நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் காட்டினேன். மலைத் தோட்டங்களில் வேலை பார்த்துப் பழகியவர். இலையைத் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"வெயில் பத்தாது" என்றார்.

சிவகாசிக்காரனைப் பார்த்து அப்படிச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். பிறகு அவரே விளக்கினார். சூடு வேறு, பகல் வேறு. இந்தச் செடியின் ஊரில் கோடைகாலப் பகல் பதினஞ்சு மணி நேரம் நீளும். அந்த நீளத்தைக் கணக்குப் பண்ணித்தான் அது பூக்கும். நம் ஊர்ப் பகல் வருஷம் பூராவும் ஏறக்குறையப் பன்னிரண்டு மணி நேரம்தான். சாயங்காலம் ஆனதும் ஒரு பல்பைப் போட்டு நாலு மணி நேரம் ஏமாத்துங்க என்றார்.

ஆக, வெயில் அதிகம் என்று வலை, வெயில் குறைவு என்று பல்பு. இரண்டும் ஒரே செடிக்கு. பந்தலுக்குள் வெள்ளை பல்பைத் தொங்கவிட்டு எரியவிட்டதும் தெருவே வந்து பார்த்தது. ஏதோ விசேஷம் என்று நினைத்து ஒரு அம்மா மொய்க் கவருடன் வரத் தயாராக இருந்ததாக அண்ணாச்சி சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும்.

பல்பு எரிந்தும் அந்தக் கோடையில் பூக்கவில்லை. பங்குனி அனலுக்கு ஓரம் கருகி, சித்திரையில் ஏழு செடியும் தலையைச் சாய்த்து, மேலே இருந்ததெல்லாம் காய்ந்து வைக்கோலாகிவிட்டது. நான் கவலைப்படவில்லை. வீடியோவில் சொல்லியிருந்தார்கள். பல ஆண்டுச் செடி இப்படித்தான், மேலே காய்ந்து கீழே வேர் தூங்கும், தொடாமல் விட்டால் மழைக்கு மறுபடி வரும். இதை நான் என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். செடி காய்ந்துபோனதை யாரிடமும் சொல்லும் நிலையில் நான் இல்லை. மறைத்தேன்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். தெற்குப் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வலையை மடித்து, கம்புகளைக் கட்டி, மண்ணைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தாள். செடி ஒன்றுகூட இல்லை.

கத்தினேன். ஒரு வருஷ உழைப்பு என்றேன், அறிவிருக்கா என்றேன், கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா என்றேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது. அவள் பதிலுக்குக் கத்துகிறவள்தான். அன்று கத்தவில்லை.

"காஞ்சது சொவரோரம் நிக்கக் கூடாதுங்க. காஞ்ச புல்லு வழியாத்தான் அன்னைக்கு எங்க ரூமுக்குத் தீ வந்துச்சு" என்றாள்.

அந்தக் கதை எனக்குத் தெரியும். அவள் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ரூமில் பிடித்த தீ அடுத்த ரூமுக்குப் போனது. இவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து திரி சொருகிக்கொண்டிருந்தவள் உயிரோடு வெளியே வரவில்லை. இரண்டு ரூமுக்கும் நடுவில் ஒரு வாரமாகப் புல் வெட்டாமல் காய்ந்து கிடந்ததாம். கல்யாணமான புதிதில் சொன்னாள், அதன்பின் பேச்சு வந்ததில்லை. இருபத்தைந்து வருஷமாக அவள் காலையில் வீட்டைச் சுற்றி வந்து சருகு பொறுக்குவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சுத்தக்காரி என்று கேலி செய்திருக்கிறேன், சொந்தக்காரர்கள் முன்னால்கூட. அந்தப் புல்லையும் இந்தச் சருகையும் ஒரு தடவைகூட நான் சேர்த்துப் பார்த்ததில்லை. கலர் பார்க்கிற கண்ணாம். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் கூடுதலான வார்த்தை தெரியவில்லை.

மன்னிப்பு என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. வேர் உயிரோட இருக்கும், அதான் கத்திட்டேன், என்று மட்டும் சொன்னேன். இதை மொதல்லயே சொல்லக்கூடாதா என்று அவள்தான் குப்பை வாளியைக் கவிழ்த்துக் கொட்டினாள். இருவரும் குத்தவைத்துத் தேடினோம். ஐந்து வேர்க்கட்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்து, இது ஈரமாருக்கு, இது செத்துருச்சு என்று அவளே பிரித்தாள். மூன்று தேறின.

ஆனால் நிபந்தனை போட்டாள். சுவரோரம் கூடாது. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், வீட்டைவிட்டுத் தள்ளி, சிமெண்ட் தொட்டியில்தான் வைக்க வேண்டும். தொட்டிக்குத் தொட்டி ஆறடி இடைவெளி. சுற்றிலும் மண் தெரிய வேண்டும். கம்பெனியில் மருந்து ரூம்களுக்கு என்ன விதியோ அந்த விதிப்படி என் பூந்தோட்டம் அமைந்தது. ஒரு அதிகாரி வந்து பார்த்திருந்தால் லைசென்ஸ் கொடுத்திருப்பார்.

இரண்டு அழுகின. ஒன்று ஆடிக் காற்றில் பச்சையாக ஒரு துளிர் விட்டது. மறுபடி வலை, மறுபடி பல்பு. இந்தத் தடவை சாயங்காலம் ஆனதும் பல்பைப் போடுவதும் பத்து மணிக்கு அணைப்பதும் அவள் வேலையாகிவிட்டது, நான் கேட்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு காலையில் சருகு பொறுக்கப் போனவள் பல் விளக்காமலே உள்ளே வந்து, "இந்தா, வந்து பாருங்க" என்றாள். முழங்கால் உயரத்தில், குச்சியின் நுனியில், பச்சையாகப் பொத்தான் மாதிரி ஒரு மொட்டு.

விரிந்தபோது இதழ்கள் நேராக, தட்டையாக நீட்டிக்கொண்டு நின்றன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பார்த்தாயா, பூ தொங்காது என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்று காம்பவுண்டுத் தலைக்கும் கேட்கும்படி சொன்னேன். நான்கு நாள் நான் சொன்னது சரியாக இருந்தது. ஐந்தாம் நாள் இதழ்கள் இறங்கத் தொடங்கின. வாரக் கடைசியில் போட்டோவில் பார்த்த மாதிரியே கீழே தொங்கின. வாடவில்லை. தொட்டுப் பார்த்தேன், விறைப்பாக, உயிரோடு இருந்தன. அது அப்படித்தான்.

பீரோவிலிருந்து என் ஷீட்டை எடுத்துவந்து பூவுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அந்தக் கம்பெனியின் போட்டோவை இன்னொரு கையில் பிடித்தேன். போட்டோவும் பூவும் ஒன்று. துவைத்து வெளுத்த அதே ராணி கலர். கிட்டப்போய்ப் பார்த்தால் வெளுப்பு இல்லை. இதழின் நடுவில் கொஞ்சம் கத்தரிக்காய் நிறம், ஓரத்தில் கொஞ்சம் பால், கூம்பின் முனைகளில் காவி. ஒன்றோடொன்று சண்டை போடாத நிறங்கள். பார்க்கப் பார்க்க அழகாகிக்கொண்டே போனது. என் ஷீட்டில் இருந்ததோ, திருவிழாவுக்குப் பவுடர் அப்பிக்கொண்டு வந்து நிற்கும் ஆள். என் மனைவி ஷீட்டையும் பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்களுது வேற பூவால்ல இருக்கு என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே வேறு பூ என்றுதான் நினைத்தாள்.

தோற்றுவிட்டேன் என்று தெரிந்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷம் ஊரெல்லாம் சொல்லிவைத்தாயிற்று. தொட்டியோடு தூக்க முடியாமல் செடியை ஒரு பெயிண்ட் வாளிக்கு மாற்றி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு, மாட்டுவண்டி வேகத்தில் அச்சகம் போனேன். முதலாளி மேஜையில் வாளியை வைத்து, ஷீட்டையும் போட்டோவையும் இரண்டு பக்கமும் விரித்தேன். டிசைன் பெண்ணும் வந்து நின்றாள். என் கலர்தான் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் முதலாளி பூவை ஒரு விரலால் நிமிர்த்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது பழையபடி தொங்கியது. அவர் முகம் சுருங்கியது.

"இம்புட்டுதானா அண்ணே பூவு? இதுக்கா அம்புட்டுப் பேச்சு?" என்றார். பிறகு என் ஷீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நீங்க போட்டதுதான் கலரு. பூவுலதான் கொறை" என்றார்.

அங்கேயே தீர்ப்பும் சொன்னார். சொன்ன வார்த்தை மாறமாட்டார், அவர் அப்பாவும் அப்படித்தான். நாளையிலிருந்து ஒரு கையெழுத்து போதும். டிசைன் பெண் பூவைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தவன் திறந்த வாயால், சரிங்க முதலாளி என்றேன். ஒரு கோழையைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு அந்த அறையில் பார்த்திருக்கலாம். செடியை வாளியோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் முதல் ஷீட் வந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள். ஒரு சின்னப் பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். விளக்கைப் போட்டேன், கண்ணாடியைத் துடைத்தேன். ஆபரேட்டர் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தான். பேனாவைத் திறந்து ஓரத்தில் வைத்தேன். கன்னத்தைப் பார்த்தேன். சிவப்பு சரியாக இருக்கிறதா, கூடுதலாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தெரியவில்லை. எனக்குக் கீழே யாரும் போடப்போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது.

ஷீட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போட வேண்டாம்னு சொல்லிட்டாகல்ல அண்ணே?"

"போட வேண்டாம்மா. பாத்துச் சொல்லு, போதும்."

அவள் ஷீட்டை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து, அவசரமில்லாமல் பார்த்தாள். கன்னத்துச் சிவப்பு கூட இருக்கு அண்ணே, பிள்ளைக்கு ஜுரம் மாதிரி தெரியுது, என்றாள்.

கூடத்தான் இருந்தது. திரும்பிப் போய் ஆபரேட்டரிடம் குறைக்கச் சொன்னேன். கலரைக் குறைக்கச் சொல்கிறேனா என்று அவன் இரண்டு தடவை கேட்டான். குறைத்த ஷீட் வந்ததும் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.